மூன்றாவது கொட்டகை

கல்மலைத் தோட்டம்,
பத்தாங் பெர்ஜுந்தை.
16.11.1986

அன்புத் தம்பி சேதுவுக்கு,

உன் நீலக் கடிதம் பதினொரு நாளில் வந்து சேர்ந்தது. ஒட்டுகிற மடிப்பில் எழுதியிருந்த கடைசி நான்கு வரி பசையோடு கிழிந்துபோய்விட்டது. அதில் என்ன இரகசியம் எழுதியிருந்தாயோ தெரியவில்லை. இனிமேல் அங்கே எழுதாதே. இங்கே என் வலது தோளைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே குளிர் எப்படி? மாமா வாங்கி அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போடுகிறாயா, இல்லை, நிறம் பிடிக்கவில்லை என்று பெட்டியில் வைத்துவிட்டாயா?

உன் ஆய்வுக்கு ஒரு கணக்கு வேண்டும் என்று நீ கேட்டதை மாமா தன் முதலாளி லிம் தவுக்கேயிடம் சொன்னார். பழைய பிளாஸ்டிக்கை உருக்குகிற ஃபெக்டரிக்கு லோரி ஓட்டுகிறவர் சொன்னால் தவுக்கே காது கொடுத்துக் கேட்கிறார். அவருக்கும் தலைவலிதான். ரவாங்கிலிருந்து கிளம்பி, கோலசிலாங்கூர் ஓரத்திலிருந்து பத்தாங் காலி வரை பதினான்கு தோட்டத்துக்கும் லோரி போகிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் பழைய பிளாஸ்டிக் நாலு மூட்டை, அஞ்சு மூட்டை என்று ஏற்றிக்கொண்டு பாதி காலியாகத் திரும்புகிறது. மூன்று இடத்தில் கொட்டகை போட்டு, சுற்றியுள்ள தோட்டக்காரர்கள் அங்கே கொண்டுவந்து சேர்த்தால் நல்லது என்று நினைக்கிறார். எந்த மூன்று இடம் என்பதில்தான் குழப்பம். "சேது ரெண்டு வருஷம் என் ஆபீஸ்ல வேலை செஞ்சவன்தானே. அவன் கணக்கு போடட்டும் லா. அவன் சொல்ற எடத்துல கட்டுறேன்" என்றாராம். ஆக, உன் படிப்புக்கு ஒரு கணக்கு கிடைத்துவிட்டது.

வீட்டுச் செய்தி ஒன்று. ஜூன் மாதம் செம்பனைக் குலை தூக்கும்போது பிடித்த தோள் இன்னும் விடவில்லை. தோட்டத்து ஆபீஸ் கிராணி சுப்பிரமணியம் நேற்று கூப்பிட்டு, "இராஜம்மா, அடுத்த வருஷம் ஒன் பேரைப் பெரட்டுல, ஆள் கணக்குல வச்சிருக்க முடியாது. பேரு இல்லன்னா வீடும் இல்ல, தெரியும்ல?" என்றார். மாமா என்னைக் கட்டியவரே தவிர தோட்டத்து ஆள் இல்லை, தோட்டம் கொடுத்த லயத்து வீடு என் பெயரில்தான் ஓடுகிறது. கொட்டகை எந்தத் தோட்டத்தில் வருகிறதோ, அந்தத் தோட்டத்து ஆளையே எடை பார்க்க வைப்பார்களாம். அந்த ஆளுக்கு வீடும் இருக்கும் என்று மேனேஜர்கள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது உன் தலைவலி இல்லை. நீ படிப்பைப் பார்.

அன்புடன்,
அக்கா இராஜம்மா


லீட்ஸ்,
9.12.1986

அன்புள்ள அக்காவுக்கு,

கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நிறத்தைப் பற்றி மாமாவிடம் நேரில் பேசிக்கொள்கிறேன். தோளுக்குக் கண்ட எண்ணெயையும் தடவாமல் கிளாங் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்துப் பாருங்கள். மூன்று கடிதமாகச் சொல்கிறேன்.

தவுக்கேயின் வேலையை என் ஆய்வாக எடுத்துக்கொள்ள புரொபசர் சம்மதித்துவிட்டார். முறை இதுதான். ஒவ்வொரு தோட்டத்திலும் மாதத்துக்கு எத்தனை மூட்டை பிளாஸ்டிக் சேருகிறதோ, அதை அங்கிருந்து மிக அருகில் உள்ள கொட்டகைக்கு எத்தனை மைலோ அதனால் பெருக்க வேண்டும். பதினான்கு தோட்டத்துக்கும் இப்படிப் பெருக்கிக் கூட்டினால் ஒரு மொத்தம் வரும். பதினான்கில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 364 வழி இருக்கிறது. எந்த வழியில் மொத்தம் குறைவோ அந்த மூன்று இடம்தான் விடை. 364ஐக் கையாலேயே போடலாம். ஆனால் நாளைக்கு நாற்பது தோட்டம் என்றாலும் ஓடுகிற முறையாக இருக்க வேண்டும் என்கிறார் புரொபசர். அதற்குத்தான் கம்ப்யூட்டர்.

மூட்டை அதிகமுள்ள தோட்டம் கொட்டகையைத் தன் பக்கம் இழுக்கும். அதனால் எண்ணிக்கை தப்பினால் எல்லாமே தப்பு. உங்களைத் தவிர வேறு யாரையும் நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவோடு லோரியில் போய், மாதம் முழுக்கச் சேர்ந்து கிடப்பதை எண்ணி எழுதுங்கள். பக்கத்தில் தேதி போடுங்கள். வேலை வாங்குகிற மண்டோர் சொல்லும் எண் வேண்டாம். நீங்களும் யோசித்துக் கூட்டிக் குறைக்காதீர்கள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள். மைல் கணக்குக்கு லோரி மீட்டர் போதும்.

கிராணி சொன்னதைப் படித்தேன். அந்தக் கடிதத்தை மேசைமேலேயே வைத்திருக்கிறேன்.

அன்புத் தம்பி,
சேது


கல்மலைத் தோட்டம்,
30.3.1987

அன்புத் தம்பி சேதுவுக்கு,

பதினான்கு தோட்டமும் முடிந்தது. டிசம்பர் கடைசியில் ஆரம்பித்து நேற்றோடு முடித்தேன். தனித் தாளில் தோட்டத்தின் பெயர், மூட்டை, மைல், தேதி எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறேன். அதற்காகத்தான் இந்தத் தடவை உறை. தபால்காரர் நிறுத்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா, வீட்டையே அனுப்புறியா?" என்றார்.

இத்தனை வருடம் இந்தப் பக்கத்தில் இருந்தும் பாதித் தோட்டத்தை நான் பார்த்ததில்லை. உலு யாம் பக்கம் ஒரு தோட்டத்தில் நாய் துரத்தியதில் மாமா லோரி கூரைமேல் ஏறிவிட்டார். கீழே நின்று எண்ணியது நான்தான். இதை உனக்கு எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். இன்னொரு தோட்டத்தில் லோங்காங் கால்வாய் முழுக்கப் பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டு சாக்கடை வாசற்படி வரை நிற்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூங்கில் தோட்டத்தில் நல்லம்மாள் என்று ஒரு பெண் இருக்கிறாள். செம்பனைக் கன்று வளர்க்கிற நாற்றங்காலில் கிழிந்த கறுப்புப் பைகளையெல்லாம் மண் உதறிக் கழுவிக் கட்டி வைத்திருந்தாள். எண்ணுவதற்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. இருபத்தேழு மூட்டை. டீயும் கொடுத்தாள்.

நம் தோட்டம் எங்கே ஓடிப்போகிறது என்று கடைசிக்கு வைத்திருந்தேன். எண்ணிப் பார்த்தால் எனக்கே மலைப்பாக இருக்கிறது. அறுபத்திரண்டு மூட்டை! செம்பனைக் காட்டுச் சாலை ஓரம் பூராவும் உரப்பைகள் குவிந்து கிடந்தன. நீ சொன்னபடி யோசிக்கவில்லை, எண்ணினேன், எழுதிவிட்டேன்.

கிளாங்குக்குப் போனேன். எலும்பில் ஒன்றுமில்லை, தசைதானாம். கனமானதைத் தூக்கக்கூடாது என்றார் டாக்டர். தோட்டத்தில் கனமில்லாத வேலை எது என்று நான் கேட்கவில்லை.

அன்புடன்,
அக்கா இராஜம்மா


லீட்ஸ்,
4.5.1987

அன்புள்ள அக்காவுக்கு,

தாள் கிடைத்தது. விடையும் வந்துவிட்டது. முதல் கொட்டகை கோலசிலாங்கூர் பக்கம், கடலோரத் தோட்டத்தில். இரண்டாவது பத்தாங் காலிக்கு அருகில். மூன்றாவது கல்மலைத் தோட்டம்.

தவுக்கேக்கும் இன்றைக்கே எழுதுகிறேன். படிப்பு முடிந்து வந்ததும் ஃபெக்டரியில் நல்ல வேலையாகத் தருவதாக அவர் போன மாதம் எழுதியிருந்தார். மாமாவிடம் சொல்லுங்கள்.

இங்கே பரீட்சை நெருங்குகிறது. அதிகம் எழுத நேரமில்லை. உங்கள் வீட்டுக் கவலை தீர்ந்தது என்று சந்தோஷம்.

அன்புத் தம்பி,
சேது


கல்மலைத் தோட்டம்,
19.7.1987

அன்புத் தம்பி சேதுவுக்கு,

ஜூன் முதல் தேதி கொட்டகை திறந்தாயிற்று. தகரக் கூரை, கம்பி வலை, பெரிய தராசு. தராசுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி. இருபது வருடத்தில் தோட்டம் எனக்கு நாற்காலி போட்டது இதுதான் முதல் தடவை. வீடு என் பெயரிலேயே இருக்கிறது. கிராணி சுப்பிரமணியம் இப்போது, "என்ன இராஜம்மா, சாப்ட்டியா?" என்று கேட்கிறார். முதல் வாரம் எனக்குச் சிரித்துச் சிரித்து வாய் வலித்தது.

இதை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு.

ஜூனில் நம் தோட்டத்திலிருந்து வந்தது ஒன்பது மூட்டை. இந்த மாதம் இதுவரை ஆறு. மாமா லோரியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிகிறார். நல்லம்மாள் முதல் மாதம் இரண்டு தடவை வந்தாள். மூங்கில் தோட்டத்திலிருந்து இங்கே ஐந்து கட்டை, முழுசாக ஐந்து மைல், நடுவில் ஆற்றுப் பாலம். சைக்கிளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்தவளைப் பாலத்தில் கடந்துபோன மரலோரியின் காற்று தள்ளிவிட்டது. முழங்கை எலும்பு விலகிவிட்டது. போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் விழுந்ததிலிருந்து மற்றவர்களும் வருவதில்லை. கறுப்புப் பைகளை மறுபடியும் லயத்துக்குப் பின்னால் எரிக்கிறார்கள். அந்தப் புகையில் சின்னப் பிள்ளைகள் இருமிக்கொண்டே விளையாடுகின்றன.

நல்லம்மாள் என்மேல் கோபப்படக்கூட இல்லை. "எங்க நாத்தங்கால்ல மாசா மாசம் பை கிழியுதுக்கா. ஒங்க தோட்டத்துல வருசத்துக்கு ரெண்டு மாசந்தானே ஒரம் போடுறாங்க? பெறகு எப்படிக்கா கொட்டகை அங்க வந்துச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து என்னிடம் உள்ள நகலை எடுத்துப் பார்த்தேன். மற்ற தோட்டங்களை மழைக்காலத்திலும் அதற்கடுத்தும் எண்ணியிருக்கிறேன், அப்போது யாரும் உரம் போடவில்லை. நம் தோட்டத்தை எண்ணியது மார்ச் 29. உரம் போட்டு முடித்த வாரம். எண்ணியது நான், தேதி போட்டதும் நான். ஏன் எனக்கு உறைக்கவில்லை என்று யோசித்து யோசித்துத் தூக்கம் போனது. நீ யோசிக்காதே என்றாய், நான் யோசிக்கவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் சேது, நீயும் இந்த லயத்தில் பிறந்தவன்தான். பள்ளி விடுமுறையில் உரவாளி தூக்கியவன். மார்ச்சில் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? மறந்து போயிருந்தால் மறந்துவிட்டேன் என்று ஒரு வரி எழுது. எனக்கு அது போதும்.

அன்புடன்,
அக்கா இராஜம்மா


லீட்ஸ்,
6.8.1987

அன்புள்ள அக்காவுக்கு,

மறக்கவில்லை. தெரியும்.

உங்கள் தாளைப் பிரித்த அன்றைக்கே அந்த 62ஐயும் தேதியையும் பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. அந்த ஒரு எண்ணை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். நாற்பதுக்குக் கீழே வந்தால் மூன்றாவது கொட்டகை மூங்கில் தோட்டத்துக்குப் போய்விடுகிறது. மற்ற இரண்டும் அசையவில்லை. அப்படியானால் உங்கள் வீடு இந்த ஒரு எண்ணில் இருக்கிறது என்று நினைத்தேன். நான் எதையும் திருத்தவில்லை. நீங்கள் எழுதியதை அப்படியே விட்டேன். எதையும் மாற்றவில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

என்னை ஆறாம் படிவம் வரை படிக்கவைக்க நீங்கள் காலையில் ரப்பர் பால்மரமும் வெட்டி, சாயந்திரம் புல்லும் வெட்டினீர்கள். அந்தத் தோள்தான் இப்போது போயிருக்கிறது. இங்கே உட்கார்ந்துகொண்டு அந்த 62ஐ அடிக்க எனக்குக் கை வரவில்லை. ஐந்து கட்டை என்பது தாளில் ஐந்து என்றுதான் இருந்தது. அதில் நல்லம்மாள் இல்லை, பாலம் இல்லை. இப்படிச் சொல்வது சமாதானம் ஆகாது என்றும் தெரிகிறது.

ஆய்வை இம்மாதக் கடைசியில் கொடுக்க வேண்டும். என்ன செய்யட்டும்? நீங்கள் சொன்னபடி செய்கிறேன்.

சேது


கல்மலைத் தோட்டம்,
27.9.1987

சேதுவுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு வாரமாக உனக்கு எழுதவில்லை. கோபத்தில் எழுதினால் என்ன எழுதுவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. வேலையும் இருந்தது.

நான் கேட்டேனா? கொட்டகையை எனக்கு வாங்கிக் கொடு என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதினேனா? ஆசை இருக்கிறது என்றேன். ஆசைப்பட்டவர்களுக்கெல்லாம் கொட்டகை கட்டுவதென்றால் உன் கம்ப்யூட்டர் எதற்கு? உன்னைப் படிக்கவைத்தேன் என்று பட்டியல் போடுகிறாயே, அதெல்லாம் இப்படித் திருப்பித் தருவதற்கா? அந்த நாற்காலியில் நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உனக்கு எல்லாம் தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது. உலகத்தில் என்னை யாரும் இவ்வளவு கேவலப்படுத்தியதில்லை. கிராணிகூட நேருக்கு நேர் நின்றுதான் சொன்னார்.

என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்கிறாய். படித்தவன் நீ. சரி, சொல்கிறேன்.

புதிய தாள் இத்துடன் இருக்கிறது. மறுபடியும் பதினான்கு தோட்டத்துக்கும் போனேன். கொட்டகையை மத்தியானமே பூட்டிவிட்டு, மாமா லோரி போன பக்கமெல்லாம் போனேன். இந்தத் தடவை யோசித்து எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தோட்டத்திலும் உரம் போடுகிற மாதம் எது, அப்போது எத்தனை மூட்டை, போடாத மாதம் எத்தனை, நாற்றங்கால் உண்டா இல்லையா, எல்லாம் தனித்தனியாக இருக்கிறது. நம் தோட்டம் இரண்டு மாதம் அறுபத்திரண்டு, மீதிப் பத்து மாதம் ஒன்பது. வருடத்துக்குப் பரப்பிப் பார்த்தால் மாதம் பதினெட்டுகூட வரவில்லை. மூங்கில் தோட்டத்தில் நாற்றங்கால் மட்டும் மாதம் இருபத்தேழு.

இதைப் போட்டுப் பார். வந்த விடையை எழுது. நீ போடாவிட்டாலும் வருடக் கடைசியில் இந்தத் தாளைத் தவுக்கேயிடம் கொடுக்கத்தான் போகிறேன்.

இராஜம்மா


லீட்ஸ்,
20.10.1987

அன்புள்ள அக்காவுக்கு,

போட்டுவிட்டேன். மூன்றாவது கொட்டகை மூங்கில் தோட்டத்தில்தான் வர வேண்டும். சந்தேகத்துக்கே இடமில்லை. உங்கள் எண்களில் எதைச் சற்று ஏற்றினாலும் இறக்கினாலும் அது நகரவில்லை. இந்த மாதிரி ஒரு தாளை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தெரியாதவன் நான்தான்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் புரொபசரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய விடையோடு ஆய்வை ஆகஸ்ட் கடைசியிலேயே கொடுத்திருந்தேன், அவர் நல்ல மதிப்பெண்ணும் போட்டுவிட்டிருந்தார்.  நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஆய்வைத் திரும்ப வாங்கிக்கொள், புதிய எண்களை வைத்து முழுவதும் எழுதிக் கொண்டுவா என்றார். பட்டம் டிசம்பரில் இல்லை, அடுத்த ஜூலையில்தான். உதவிச் சம்பளம் இந்த மாதத்தோடு நிற்கிறது. விடுதிச் சமையலறையில் தட்டுக் கழுவ ஆள் தேவைப்பட்டது, சேர்ந்துவிட்டேன். இதை உங்கள் மனம் இளக வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. அடுத்த ஆண்டு வரை வர மாட்டேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

இத்துடன் தவுக்கேக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். எனக்குத் தெரிந்தே தவறான இடத்தைச் சொன்னேன், உங்களுக்கு அதில் பங்கில்லை, கொட்டகையை மாற்றுங்கள் என்று எழுதியிருக்கிறேன். அதன் பிறகு அவர் எனக்கு வேலை தர மாட்டார். அது நியாயம்தான். தபாலில் அனுப்பினால் ஆபீஸில் யாராவது பிரித்துப் படிப்பார்கள். நீங்களே அவர் கையில் கொடுங்கள். இதையாவது நான் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

நல்லம்மாள் அக்காவின் கை எப்படி இருக்கிறது?

தம்பி,
சேது


கடைவீதி,
பத்தாங் பெர்ஜுந்தை.
13.12.1987

அன்புத் தம்பி சேதுவுக்கு,

முகவரி மாறியிருப்பதைப் பார். கடைவீதிக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் இரண்டு அறை எடுத்திருக்கிறோம். மழை பெய்தால் ஒரு மூலையில் ஒழுகுகிறது, மற்றபடி குறை இல்லை. தோட்டத்தில் என் பெயர் போன மாதத்தோடு முடிந்தது. கிராணி சாவியை வாங்கிக்கொண்டு, "ஒன்னப் போல ஒரு கிறுக்கிய நான் பாத்ததில்ல இராஜம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. சாப்பாட்டுக் கடை ஒன்றில் காய் நறுக்குகிறேன். நறுக்குவதற்குத் தோள் அவ்வளவாக வேண்டியதில்லை.

கொட்டகையைக் கழற்றி, தகரம் முதல் தராசு வரை எல்லாவற்றையும் மாமாவே லோரியில் ஏற்றி மூங்கில் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். இரண்டு நடை. நல்லம்மாளின் கை கூடிவிட்டது, முழுசாக நீட்டத்தான் முடியவில்லை. தராசில் அவள்தான் நிற்கிறாள். முதல் மாதமே லோரி நிரம்பி, பின்கதவைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டியதாயிற்று என்று மாமா சொன்னார். அங்கே இப்போது யாரும் எரிப்பதில்லையாம்.

உன் புரொபசரிடம் நீயாகப் போய்ச் சொன்னதைப் படித்த அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் இறங்கியது. நீ தட்டுக் கழுவுகிறாய் என்று எழுதிய இடத்தில் அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி உனக்குப் பிடிக்காத செய்தி. ரவாங்குக்குப் போய்த் தவுக்கேயிடம் புதிய தாளையும் உன் விடையையும் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். "கட்டி ஆறு மாசம்கூட ஆகல. இது யாரு தப்பு?" என்று கேட்டார். உன் கடிதம் என் பையில்தான் இருந்தது. கையைப் பைக்குள் விட்டேன், கடிதம் விரலில் தட்டுப்பட்டது. "என் தப்புதான் தவுக்கே. மார்ச்சுல உரப்பையச் சேத்து எண்ணிப்புட்டேன். தம்பிக்கு ஒண்ணும் தெரியாது. புதுக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சதே அவன்தான்" என்றேன். அவர் என்னைத் திட்டினார். நன்றாகவே திட்டினார். கடைசியில், "சேது வரட்டும். வேலை இருக்கு. ஆனா நீ இனிமே எதையும் எண்ணாத லா" என்றார்.

உன் கடிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் வைத்துவிட்டேன். நீ எனக்குச் சொன்னதற்கு மேல் அதில் என்ன எழுதியிருந்தாய் என்று இங்கிலீஷ் தெரிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைவிட்டுக்கூடப் படிக்கச் சொல்லவில்லை.

உன்னை அத்தனை பேச்சுப் பேசியவள் நான். எனக்குத் தெரியாமல் எனக்காகச் செய்தாய் என்று கத்தியவள். இப்போது உனக்குத் தெரியாமல் உனக்காக அதையே செய்துவிட்டு வந்து நிற்கிறேன். சரி என்று சொல்லவில்லை. அந்த இடத்தில் நிற்கும்போது என் கையும் வரவில்லை, அவ்வளவுதான். நீ நேராகத் தவுக்கேக்கு எழுதினால் நான் தடுக்க முடியாது. எழுதாமல் இருந்தாலும் கேட்க மாட்டேன்.

உனக்குக் கோபம் வரும். வந்தால் நான் செய்ததைப் போல ஆறு வாரம் வாயை மூடிக்கொண்டு இருக்காதே. உடனே திட்டி எழுது.

உன் அக்கா,
இராஜம்மா